பஸ் நிறையப் பிள்ளைகள், மேசையில் நாலு கல்

அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போகிறோம் என்று போன் செய்யும் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது, வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள் என்பதுதான். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும், வெள்ளி பூட்டியிருக்கும். இது தெரியாமல் பஸ் பேசி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு அப்படியே ஏற்காட்டுக்கு வண்டியைத் திருப்பிய பள்ளிகள் உண்டு. பிள்ளைகளுக்கு அதில் துளியும் வருத்தம் இருந்திருக்காது. ஏரியில் படகும் கரையில் மிளகாய் பஜ்ஜியும் கிடைக்கும்போது எந்தப் பிள்ளை சிற்பத்தைத் தேடப் போகிறது?

நான் சமூக அறிவியல் டீச்சராக இருந்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிகளுக்கு அருங்காட்சியக நிகழ்ச்சிகள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. "கைடு வேலையா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதுதான் என்று விட்டுவிட்டேன். உண்மையில் கைடு பேசும் நேரத்தைக் குறைப்பதுதான் என் வேலையில் பாதி.

வழக்கமான பள்ளிச் சுற்றுலாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அறுபது பிள்ளைகள், ரெண்டு ரெண்டு பேராக வரிசை, கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் ஒரு சார், பின்னால் ஒரு மிஸ், ரெண்டு பேருக்கும் நடுவில் "தொடாதே, சாயாதே, பேசாதே". நாற்பது நிமிஷத்தில் கல் சிற்பம், செப்புத் திருமேனி, ஓலைச்சுவடி, பாடம் செய்த பறவை, பழைய நாணயம் எல்லாம் பார்த்து முடிந்துவிடும். பார்த்ததற்கு அத்தாட்சியாக நோட்டில் எழுதிக்கொண்டு போகவேண்டும். என்ன எழுதுவார்கள்? அட்டையில் இருப்பதை. "கிடைத்த இடம், காலம், பொருள்: கருங்கல்". ஒரு பெண் சிற்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அட்டையைப் பார்த்து எழுதுவதைக் கவனித்திருக்கிறேன். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்க் நோட்டுக்குத்தானே. அட்டையில் இருக்கும் விடையைக் கேட்கும் எந்தக் கேள்வித்தாளையும் நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை. அச்சடித்துக் கொண்டுவந்திருந்தால் அதன் பின்பக்கத்தில் படம் வரையச் சொல்லிவிடுவேன்.

நான் கேட்பதெல்லாம் ஒன்றே கால் மணி நேரம், நாலு மேசை, நாலு கல். அறுபது பேரை நாலாகப் பிரித்தால் மேசைக்குப் பதினைந்து பேர். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்து இழுப்பான். மற்ற அறைகளை அப்புறம் விருப்பப்படி சுற்றிக்கொள்ளலாம். "இவ்வளவு தூரம் வந்துட்டு நாலு கல்லைத்தான் காட்டுவீங்களா?" என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். சார், அவங்க வீட்டுக்குப் போய் நாலையும் சொல்லுவாங்க, பாருங்க என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. சரி, இருக்கட்டும்.

சேலத்தில் கல்லை விட்டுவிட்டு வேறு எதிலிருந்து ஆரம்பிப்பது? ஏற்காடு போகும் வழியில் வலப்பக்கம் இடப்பக்கம் எங்கே பார்த்தாலும் பாறைதான். சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோகைட் என்னும் கருநீலச் சாயல் கொண்ட கடினமான பாறை. ஊருக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று மாக்னசைட் மேடுகள். மேற்கே கஞ்சமலையில் இரும்புக் கல். பிள்ளைகளில் பாதிப் பேர் தினமும் இவற்றின் மேல் நடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். பாடப் புத்தகத்தில் அவை "கனிம வளங்கள்" என்ற தலைப்பில் ஒரு பட்டியலாக இருக்கின்றன.

முதல் மேசையில் வெள்ளைப் பொடி ரெண்டு கிண்ணத்தில் இருக்கும். ஒன்றில் மாக்னசைட், இன்னொன்றில் கிளிஞ்சல். பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். ஆளுக்கு அரை எலுமிச்சம்பழம் கொடுத்துப் பிழியச் சொல்வேன். கிளிஞ்சல் பொடி நுரைத்துப் பொங்கும், மாக்னசைட் பொடி சும்மா நனைந்து கிடக்கும். ரெண்டுமே கார்பனேட்தான். ஆனால் கால்சியம் கார்பனேட் குளிர்ந்த, மெல்லிய அமிலத்துக்கே உடனே வினைபுரியும். மக்னீசியம் கார்பனேட்டுக்கு வலுவான அமிலமும் சூடும் வேண்டும். இதை நான் சொல்வது கடைசியில்தான். அதற்கு முன் "எந்தக் கிண்ணம் நம்ம ஊர் மேட்டுல இருந்து வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் நுரைத்த கிண்ணத்தைத்தான் காட்டுவார்கள், நுரைத்தால்தானே ஏதோ விசேஷம்!

ஒரு முறை ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கி மற்ற கிண்ணத்தைக் காட்டினான். எப்படித் தெரியும் என்றதற்கு, "எங்கப்பா மைன்ஸ்ல இருந்தாருங்க டீச்சர். மழை பெஞ்சா அந்தக் கல்லு கரையாது, சுண்ணாம்புன்னா கரையுமுங்க" என்றான். அவன் சொன்ன காரணம் வேதியியல் புத்தகத்தில் வரும் காரணம் போல இருக்காது. ஆனால் பல வருஷம் அந்த மேட்டின் பக்கத்திலேயே வாழ்ந்து பார்த்த காரணம் அது. அன்றைக்கு மீதி நேரம் அந்த மேசையை அவனிடமே விட்டுவிட்டேன். வெட்டி எடுத்த கல்லைச் சூளையில் வேகவைப்பது, தூசி, அப்பாவின் இருமல், லாரி எண்ணிக்கை எல்லாம் அவன் சொன்னான். உலையில் சுட்ட மாக்னசைட்டில்தான் எஃகு ஆலை உலைகளின் உட்புறத்துக்கான, சூடு தாங்கும் செங்கல் செய்கிறார்கள் என்ற ஒரு வரியை மட்டும் நான் சேர்த்தேன். அட்டையில் அது எழுதியே இருக்கிறது. பையன் சொன்னது எதுவும் அட்டையில் இல்லை.

இங்கே நான் பிடிவாதமாக இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு என்ன தெரியாது என்று பட்டியல் போட்டுத்தான் பெரும்பாலான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கிறார்கள். "கற்றல் விளைவுகள்" என்று ஒரு கட்டம் போட்ட தாள் வரும். நான் முதலில் பள்ளிக்குப் போய் ஒரு பீரியட் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். யார் வீட்டில் தறி இருக்கிறது, யார் வீட்டில் வெள்ளிப் பட்டறை, யாருடைய அம்மா ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறார், யார் மலைக்காரர். அந்த ஒரு பீரியட் இல்லாமல் எந்தப் பள்ளிக்கும் நான் தேதி கொடுப்பதில்லை. நிகழ்ச்சியைவிட இதற்குத்தான் அதிகம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கணக்கு மிஸ் பீரியட் விட்டுத்தர மாட்டார்.

ரெண்டாவது மேசை காந்தம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தங்கள் போதும், கடையில் வாங்கத் தேவையில்லை. மேசையில் கஞ்சமலைக் கல், ஒரு கருங்கல் துண்டு, சில்லறைக் காசு, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன எவர்சில்வர் டம்ளர். எது ஒட்டும், எது ஒட்டாது என்று தொடுவதற்கு முன்பே சாக்பீஸால் மேசையில் எழுதிவிடவேண்டும். எழுதாமல் தொட்டால் "நான் அப்பவே நினைச்சேன்" என்று எல்லோரும் சொல்லுவார்கள்.

கஞ்சமலைக் கல்லில் காந்தம் பட்டென்று ஒட்டும்போது வரும் சத்தத்துக்கு ஒரு கூச்சல் எழும். அது மேக்னடைட், இரும்புத் தாது. மலையடிவாரத்துச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போய்வரும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆனால் அந்த மலைக் கல்லைக் காந்தத்தோடு பார்த்தவர்கள் குறைவு. அப்புறம் டம்ளர். இரும்பு கலந்தது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஒட்டும் என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலான டம்ளர் ஒட்டாது. காசைத் தொட்டால் ஸ்டீல் ஒரு ரூபாய் ஒட்டும். "மிஸ், இது போங்கு" என்று ஒருத்தி காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரெண்டுமே துருப்பிடிக்காத எஃகுதான். எதைக் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உள்ளே அணுக்கள் அடுக்கப்படும் விதம் மாறுகிறது, அதனால் ஒன்று காந்தத்துக்கு இழுபடுகிறது, ஒன்று படுவதில்லை. எட்டாம் வகுப்புக்கு இவ்வளவு போதும்.

கேள்விகள் இந்த மேசையில்தான் கொட்டும். கஞ்சமலைக்குப் பக்கத்திலேயே உருக்காலை இருக்கிறதே, அது இந்தக் கல்லைத்தானே உருக்குகிறது? கேட்காத பள்ளியே கிடையாது. கிடையாது என்பதுதான் விடை. 1981இல் அங்கே துருப்பிடிக்காத எஃகுத் தகடு உற்பத்தி ஆரம்பித்தபோது வெளியூரிலிருந்து வந்த எஃகுச் சுருள்களைத்தான் உருட்டி மெலிதாக்கினார்கள். உருக்கும் பிரிவே பல வருஷம் கழித்துத்தான் வந்தது. மலை அப்படியே நிற்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். சேலத்துத் தாதை நம்பி இரும்பு காய்ச்சியவர்களும் உண்டு. 1830களில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். அவருக்கு எவ்வளவோ காலம் முன்பே இங்கே ஊருக்கு ஊர் களிமண் உலையில் கரியும் கல்லும் போட்டு, தோல் துருத்தி ஊதி, இரும்பு எடுத்திருக்கிறார்கள். வயலில் கறுப்பாக, கனமாக, துளைத் துளையாகக் கிடக்கும் கட்டிகளைச் சில பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அது அந்த உலைக் கசடாக இருக்கலாம், அடுத்த தடவை காந்தத்தோடு போய்ப் பாருங்கள் என்று காந்தத்தைக் கையில் கொடுத்தனுப்புவேன். காந்தம் திரும்பி வராது. அதற்காகவே பழைய ஸ்பீக்கர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவது மேசைக்குப் பதில் நடுகல். சேலம், தருமபுரி வட்டாரத்தில் நடுகல் இல்லாத அருங்காட்சியகம் இருக்காது, அதனால் இதை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவ்சனும் சேர்ந்து உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. மூன்றே கேள்விகள். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன தெரிகிறது? ஓவியங்களுக்காக உண்டான முறை. நடுகல்லுக்கும் நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் நடுகல்லில் எப்போதும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

"செத்துட்டான் மிஸ்."

"எதைப் பார்த்துச் சொல்ற?"

"மேல ரெண்டு பொண்ணுங்க தூக்கிட்டுப் போறாங்க."

"இல்ல மிஸ், கத்தியைக் கெட்டியா புடிச்சிருக்கான். செத்தவன் எப்படிப் புடிப்பான்?"

"கீழ சண்டை, மேல சாமிகிட்ட. ரெண்டும் ஒரே ஆளு. கொண்டையப் பாரு."

அந்தக் கொண்டையை நானே அதுவரை சரியாகக் கவனித்ததில்லை. கீழ்ப்பகுதியில் போர், அதற்கு மேல் தேவமகளிர் வீரனை அழைத்துப் போவது, உச்சியில் வீரன் தெய்வத்தின் முன் இருப்பது என்று அடுக்கடுக்காகச் செதுக்கும் வழக்கத்தை இந்த மூன்று பேரும் நாலைந்து வரியில் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள். ஆநிரை கவர்தல், மீட்டல், வெட்சி, கரந்தை எல்லாம் தமிழ்ப் பாடத்தில் மனப்பாடப் பகுதியாக வந்திருக்கும். அதைக் கல்லோடு இணைக்க ஒரு வார்த்தை போதும். எனக்குப் பிடித்த இணைப்பு எடுத்தனூர் நடுகல்தான். திருவண்ணாமலைப் பக்கம், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். கள்ளரைக் கடித்த நாய். அதன் படத்தைக் காட்டிவிட்டால் அன்றைக்கு வேறு யாருடைய பெயரும் நினைவில் நிற்காது, வீரனின் பெயர் உட்பட.

பேச்சு முடிந்ததும் கல்லின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு வரையச் சொல்வேன். அப்போதுதான் "இடது கை எங்கே இருந்துச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். துணியைத் தூக்கி மறுபடி பார்க்கவிட வேண்டும். இந்த ரெண்டாவது பார்வைக்காகத்தான் துணி.

நாலாவது கல் கோடாரி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

புதிய கற்காலத்துக் கற்கோடாரி என்று ஆறாம் வகுப்புப் பாடத்தில் படித்துவிட்டு வந்திருப்பார்கள். அசல் கோடாரியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. கண்ணாடிக்குள் பார்த்தால் அது ஒரு வழவழப்பான கல், அவ்வளவுதான். அதனால் ஒரு நகல் வேண்டும் என்று அம்மி கொத்தும் ஒரு அண்ணனிடம் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா, அரைக்கவும் ஆகாது, இடிக்கவும் ஆகாது" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. உளியால் தட்டி உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதுவரை சுலபம். முனையைக் கூராக்க மெஷினை எடுத்தார். வேண்டாம் அண்ணா, கல்லு, மணலு, தண்ணி, இது மூணுதான் என்றேன். பாறை மேல் மணலைத் தூவி, தண்ணீர் விட்டு, கோடாரி முனையைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு டீ குடிக்கும் நேரம் தேய்த்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வரை விட்டு விட்டுத் தேய்த்ததில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் பளபளத்தது. "மெஷின் இல்லாம இதத் தேச்சவன் பொழுதன்னிக்கும் இதே வேலையாத்தான் இருந்திருப்பானுங்க" என்றார். மீதியை மெஷினில் முடித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பாதியிலேயே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் இப்போது மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பும் வந்து ஆளுக்குப் பத்து இழுப்பு இழுக்கிறது. போன வருஷத்துக்கு இப்போது முனை லேசாகக் கூராகியிருக்கிறது. பழைய வகுப்புப் பிள்ளைகள் யாராவது வந்தால் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இதே கோடாரியை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு மேலே ஒரு பள்ளிக்குப் போனேன். இந்த மலைகளில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. கல்லை எடுத்து மேசையில் வைத்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். பார்த்து இன்னும் ரெண்டு பேர் கழற்றினார்கள். ஏன் கண்ணு என்றேன்.

"எங்கூர்ல மரத்தடியில இது சாமிங்க டீச்சர்."

சேர்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் இது இருக்கிறது. உழும்போதோ காட்டில் நடக்கும்போதோ கிடைத்த கற்கோடாரிகளைப் பிள்ளையார் என்று மரத்தடியில் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிடுவார்கள். பல இடங்களில் குவியலாகவே இருக்கும். படித்திருக்கிறேன். ஆனால் ஒரு பத்து வயதுப் பெண் செருப்பைக் கழற்றுவதைப் பார்ப்பது வேறு. அம்மி கொத்துகிற அண்ணன் செய்தது, பழசு இல்லை என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, சாமி இல்லைதான், இருந்தாலும் என்று செருப்பைப் போடவில்லை. அன்றைக்குத் தேய்க்கச் சொல்லவில்லை. அவர்களையே கேட்டேன்: உங்கள் ஊரில் அதை யார் எடுத்து வைத்தது, யார் கழுவுவார்கள், எப்போது பூசை, புதுசாக ஒன்று கிடைத்தால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பதில். மழைக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தம் உண்டு என்றான் ஒருவன். இடி விழுந்த கல் என்றாள் இன்னொருத்தி, அவள் தாத்தா சொன்னதாம்.

நான் என் பங்குக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றிச் சொன்னேன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டவர். சேலம் வட்டாரப் பாறைகளை வில்லியம் கிங்குடன் சேர்ந்து ஆராய்ந்து எழுதியவர். ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் குடியேறினார். இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தைத் தாண்டி நடக்கும் பிள்ளைகள்தான் இவர்கள், ஆளைத்தான் தெரியாது. அவர் ஆயுசுக்கும் சேர்த்த கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. சேர்வராயன் மலையில் கிடைத்த கோடாரிகளும் அந்தச் சேகரிப்பில் எழும்பூருக்குப் போயின.

"அப்ப எங்க சாமி மெட்ராஸ்ல இருக்குதுங்களா?"

சில கோடாரிகள் இருக்கின்றன என்றேன்.

"யாருதுங்க டீச்சர் அது? அவருதா, எங்களுதா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் சட்டம் இருக்கிறது. மண்ணிலிருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. பழம்பொருள்களை விற்பதையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதையும் கட்டுப்படுத்த 1972இல் ஒரு சட்டம் வந்தது. ரெண்டையும் சொன்னேன். கோயிலில் வைத்துக் கும்பிடுகிற கல்லுக்கு எத்தனை ரூபாய் என்று அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பத்து ரூபாய் என்றால் ஒரு பாக்கெட் பிஸ்கட் என்றான் ஒருவன். கூட வந்த ஆசிரியர் மணியைப் பார்த்தார். இந்த உரையாடலை எந்தக் "கற்றல் விளைவு"க் கட்டத்தில் எழுதுவது என்று அவர் கேட்டபோது, கட்டத்தை விட்டுவிடுங்கள் சார் என்றேன். கடைசியில் "குழு விவாதம்" என்று எழுதிக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்தபின் பள்ளியில் ஒரு வேலை கொடுத்துவிட்டு வருவேன். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து வகுப்பு மேசையில் வைத்து, அதற்கு அட்டை எழுதவேண்டும். அருங்காட்சியக அட்டை மாதிரியே, ஆனால் நாலு வரிக்கு மிகாமல். பாட்டியின் வெற்றிலை உரல், மரக்கால், டிரான்சிஸ்டர், ஜவ்வரிசி சல்லடை என்று வரும். அம்மாபேட்டைப் பையன் ஒருவன் எழுதிய அட்டையை என் மேசை மேல் ஒட்டிவைத்திருக்கிறேன்: "நாடா. எங்க தாத்தா தறியில் இருந்தது. தறியை வித்தாச்சு. இதைக் கொடுக்க மறந்துட்டாங்க." அருங்காட்சியகத்தில் அட்டை எழுதுகிறவர்கள் பலருக்கு இதைக் காட்டியிருக்கிறேன்.

இனிமேல் செய்ய நினைப்பது கொலுசு. சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டை, குகை என்று சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்யாத பகுதி குறைவு. கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோப்பவர் ஒருவர், பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பவர் ஒருவர், சலங்கை கட்டுபவர், மெருகு போடுபவர் என்று ஒரு ஜோடி கொலுசு பல வீடு மாறித்தான் கடைக்குப் போகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வளையம் கோப்பவர்களில் பலர் பெண்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் கூட உட்காருவார்கள். பழைய காலத்துக் கால் நகைகளைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு "அணிகலன், வெள்ளி" என்று எழுதினால் இந்தப் பிள்ளைகளுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. பற்றுவைத்த இடம் எது, எத்தனை கண்ணி, இது கையால் கோத்ததா மெஷினா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

அதனால் அந்த மேசையில் பேசப்போவது நான் இல்லை. வளையம் கோக்கும் ஒரு அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "நானா? பிள்ளைங்க முன்னாலயா? எனக்கு என்னங்க தெரியும்" என்று சிரித்தார். அப்புறம் கோத்துக்கொண்டே பேசினால் சரி என்றார். கையைக் கட்டிப்போட்டால் பேச்சு வராதாம். பிரச்சினை வேறு இடத்தில். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்தால் அவருக்கு அந்த அரை நாள் கூலி போகும். நிகழ்ச்சிக்குப் பணம் தரும் இடத்தில் கேட்டேன். "கைவினைஞருக்குச் சால்வை, நினைவுப் பரிசு" என்று பதில் வந்தது. கல்லூரியிலிருந்து பேச வருபவருக்கு அதே நிகழ்ச்சியில் மதிப்பூதியம் என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. அதே தொகையை அக்காவுக்கும் போட்டுத் திட்ட மதிப்பீட்டைத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறேன். சால்வையை அடித்துவிட்டேன், அந்தக் காசுக்கு எலுமிச்சம்பழம் வாங்கலாம்.